பிசினுக்குள்ள பிச்சிப்பூ

ஏட்டி, வாசல்ல போர்டு தொங்குதே, பாத்தேன். ‘கல்யாண மாலை, குழந்தையின் முதல் முடி, முதல் பல் எல்லாம் ரெசினில் பதித்துத் தரப்படும். காலத்துக்கும் வாடாது.’ எழுத்து நல்லாத்தான் இருக்கு. அந்த ‘காலத்துக்கும்’ங்கிற எடத்துக்கு வரும்போதுதான் எனக்கு இருமல் வந்துச்சு. ஒன் ஆச்சி பதறிப்போய் சுக்குத்தண்ணி கொண்டாந்து குடுத்தா. அவளுக்கு என்ன தெரியும், சளி இருமல் வேற, இது வேறன்னு.

தடுக்கேன்னு நெனைச்சிராத. தலையில டார்ச்சு கட்டிக்கிட்டு அர்த்த ராத்திரியில பிச்சிப்பூ பறிச்சு, விடியுமுன்ன சங்கரன்கோயில் சந்தைக்கு ஏத்தி அனுப்புனவன் நான். கல்யாண நாள்ல தங்க விலை, மறுநாள் தவிட்டு விலை. மதியம் வரைக்கும் விக்கலைன்னா அதுக்குப் பேரு பூ இல்ல, மாட்டுத் தீவனம். அந்தப் பூவ ஒரு பிள்ள வருசக்கணக்குல வச்சு விக்கப் போறான்னா, பூக்காரனுக்குப் பொறாமை வருமே தவிர கோவம் வராது.

எட்டாங்கிளாஸ் தாண்டாத மனுசனுக்கு எபாக்ஸியப் பத்தி என்ன தெரியும்னு ஒங்க அம்ம கேட்டாளாம். கெணத்து மோட்டார்ல கீறல் விட்டா நாங்க எத வச்சு அடைச்சோம்? அரால்டைட். ரெண்டு டியூப்பு. ஒண்ணுல பிசின், ஒண்ணுல அத எறுக்குத மருந்து. சிகரெட் அட்டையில சரிபாதி பிதுக்கி, தீக்குச்சியால கலக்கித் தடவிட்டுப் படுத்தா விடியும்போது கல்லு. ஒன் பாட்டில்ல இருக்கதும் அதே வம்சந்தான். கொஞ்சம் தெளிவு கூட, வெல அதவிடக் கூட.

அதோட பூர்வீகமும் எனக்குத் தெரியும், பஞ்சாயத்து நூலகத்துல பேப்பர் மட்டுமா கெடக்கு? சுவிட்சர்லாந்துல பியேர் காஸ்தான்னு ஒரு வேதியியல்காரர் 1930கள்ல பல்லு கட்டுததுக்குப் புதுச் சாமான் ஒண்ணு தேடிக்கிட்டு இருந்தாரு. தேடுனப்ப அகப்பட்டதுதான் இது. பல்லுத் தொழில்ல அது எடுபடல. சீபா கம்பெனி அத வாங்கி 1946-ல பாசல் ஊர்ப் பொருட்காட்சியில அரால்டைட்டுன்னு பேரு வச்சு ஒட்டுத பசையா எறக்குச்சு. ஆக, ரெசின் பெறந்ததே பொக்கவாய்க்காரனுக்காகத்தான். அந்த உரிமையில நான் பேசுதேன், நீ கேளு.

பூச்சியையும் பூவையும் பிசினுக்குள்ள வைக்கிறது மரம் எப்பவோ ஆரம்பிச்ச சோலி. குஜராத்துல பழுப்பு நிலக்கரி வெட்டுத குழியில அம்பர் கெடைச்சுதுல்லா, அதுக்கு வயசு 5 கோடி வருசத்துக்கு மேல. ஆராய்ச்சிக்காரவ பாத்துட்டு, நம்ம குங்கிலிய மரம் இருக்குத அதே குடும்பத்து மரத்துப் பிசின்னு 2010-ல சொன்னாவ. உள்ள எறும்பு, கரையான், தேனீ எல்லாம் மயிர்க்கால் கலையாம இருக்காம். அந்த மரங்கூட ‘காலத்துக்கும்’னு ஒரு போர்டு வைக்கல. நீ பாட்டில் வாங்குன சூட்டோட வச்சிட்ட.

சரி, காரியத்துக்கு வருவோம். ரெசின் பாட்டில் எத்தன வச்சிருக்கேன்னு கேட்டேன், அடுக்கிக் காட்டுன. அச்சு எத்தன வச்சிருக்கேன்னு கேட்டேன், வட்டம், சதுரம், ஆட்டீன், அறுகோணம்னு சிலிக்கான்ல விதவிதமாக் காட்டுன. பூவ எதுல காயவைப்பேன்னு கேட்டேன். மேல சுத்துத ஃபேனக் காட்டுன. அன்னைக்கே எனக்கு ராத்திரிச் சோறு எறங்கல.

பூவோட எடையில நூத்துக்கு எண்பதுக்கு மேல தண்ணி. அந்தத் தண்ணியோட ரெசினுக்குள்ள எறக்குனேன்னு வையி, மொதல்ல பூவச் சுத்திக் குமிழா வரும், பெறவு பால் கலங்கலா நிக்கும், ஒரு மாசத்துல இதழ் பழுத்துக் காப்பி நெறத்துக்கு வந்துரும். தெருவுல அழுகுத பூவக் கூட்டித் தள்ளிரலாம். இது கண்ணாடிக்குள்ள, கூடத்துச் செவுத்துல, வாரவன் போறவன் எல்லாம் பாக்கும்படி அழுகும். வெளிய எடுக்கவும் வழி கெடையாது.

ஒன் ஆச்சி சீனியவரைக்கா வத்தல் போடுதத சின்னதுல இருந்து பாக்கே. காஞ்சிருச்சான்னு அவ கண்ணால பாப்பாளா? ஒண்ண எடுத்து ஒடிப்பா. டக்குன்னு சத்தம் வரணும். வளைஞ்சு குடுத்துச்சுன்னா திரும்பவும் முத்தத்துக்குப் போகும். ஒன் பூவும் அந்தச் சத்தத்துக்கு வந்தாத்தான் ரெசினுக்குப் பக்கத்துலயே போகணும். போன்ல வாத்தியாரு ஒருத்தன் இருக்கான்லா, அவன் இதச் சொல்ல மாட்டான். ஊத்துதத வீடியோ எடுத்தா லட்சம் பேரு பாப்பான், காயவைக்கிறத எடுத்தா அவன் அம்மகூட முழுசாப் பாக்க மாட்டா.

ஆச்சிகிட்ட இருந்து சத்தத்த மட்டும் எடுத்துக்கோ, வெயில எடுத்துக்கிடாத. பூவ முத்தத்துல போட்டா நெறம் பறந்துரும். அதுக்குத்தான் சிலிக்கா ஜெல்னு மணல் மணலா விக்கான். மூடி இறுக்கமா இருக்குத டப்பாவுல அடியில ஒரு விரக்கடை கொட்டி, பூவ மல்லாக்க நிறுத்தி, இதழுக்கும் இதழுக்கும் நடுவுல கொஞ்சங்கொஞ்சமாத் தூவி மூடணும். மேல மொத்தமாக் கொட்டுனா ரோசா நசுங்கிப் போகும். சன்ன இதழ் ரெண்டு மூணு நாள்ல காஞ்சிரும். ரோசா, சம்பங்கி மாதிரி கனத்த பூவுக்கு ஒரு வாரம் குடு. நீல மணி கலந்தது வாங்குனா ஈரம் குடிக்கக் குடிக்க ரோஸ் நெறத்துக்கு மாறும். அந்த நீலத்துல இருக்கது கோபால்ட் உப்பு, ஒடம்புக்கு ஆகாது. ஆரஞ்சு மணி வாங்கு. ஈரம் குடிச்சு நெறம் மாறுன பெறவு ஓவன்ல 120 டிகிரியில வறுத்தா திரும்ப வேலைக்கு வரும். ஆச்சியோட பலகாரச் சட்டியில வறுக்காத, ஏற்கெனவே அவ ஒம்மேல கடுப்புல இருக்கா, காரணம் பெறவு சொல்லுதேன்.

எவ்வளவு வாங்கணும்னு ஒரு கணக்குப் போட்டுப் பாத்தியா? ஒரு மாலை ஒரு கிலோன்னு வையி. அதுல 800 கிராம் தண்ணி. இந்த ஜெல்லு தன் எடையில மூணுல ஒரு பங்கு ஈரத்தக் குடிச்சாலே பெருசு. அப்படின்னா ஒரு மாலைக்கு ரெண்டரைக் கிலோ, அதுவும் கஞ்சக் கணக்கு. நீ வாங்கி வச்சிருக்கது ஷூ டப்பாவுக்குள்ள வருதே சின்னப் பொட்டணம், அதுல நாலு. அதுல கனகாம்பரம் ஒண்ணு காயும், அதுவும் அதிஷ்டம் இருந்தா.

அன்னைக்கு மேலகரத்துல இருந்து வந்த மாலைய நீ பிரிக்கும்போது நான் திண்ணையிலதான் இருந்தேன். பிளாஸ்டிக் கவர்ல போட்டு, வாயக் கட்டி, கல்யாணம் முடிஞ்சு மறுவீட்டு விருந்து எல்லாம் உண்டு முடிச்சு ஆற அமரக் கொண்டாந்தாவ. முடிச்ச அவுத்ததும் உள்ள இருந்து சூடா ஒரு ஆவி வந்துச்சு பாரு, பூ வாசம் இல்ல அது, குப்பக்குழி வாசம். ரோசா வெளியில இருந்து பாக்கதுக்கு மாப்பிள்ள கணக்கா நின்னுச்சு. அடிக்காம்பத் திருப்புனா கருப்பு, அதுக்கு மேல வெள்ளப் பூசணம். நீ அதுலயும் நல்ல இதழா நாலு பொறுக்குன, கெட்டிக்காரிதான். ஆனா அந்தம்மாகிட்ட ‘சூப்பரா வரும் ஆண்ட்டி’ன்னு சொன்னே பாத்தியா, அங்க நான் மொகத்தத் திருப்பிக்கிட்டேன்.

மாலை பேசும்போதே பார்ட்டிகிட்டச் சொல்லிப்போடு: தாலி கட்டுன அன்னைக்கு ராத்திரியே மாலை எங்கிட்ட வரணும், பிளாஸ்டிக் கவர் கூடாது, வேட்டித் துணியில சுத்தணும். ஃபிரிட்ஜில வைக்கலாம், ஐஸ் கட்டுத தட்டுல வைக்கக் கூடாது. வந்ததும் மொதல்ல போட்டோ எடு, எந்தப் பூ எங்கன இருந்துச்சுன்னு. பெறவு வாழநார அறுத்து எறி. பூ காஞ்சாலும் நாரு காயாது, பூக்கட்டுதவன் தெளிச்ச தண்ணி முச்சூடும் அதுலதான் ஒளிஞ்சிருக்கும். காஞ்ச பூவத் திரும்பக் கோக்கும்போது மீன்பிடி நரம்பு போட்டாப் போதும். தோவாளை மாணிக்க மாலை வந்தா மட்டும் இந்தச் சோலியே வேண்டாம். அரளியும் நொச்சி இலையும் மடிச்சு மடிச்சுக் கோத்தது அது; பிரிச்சுட்டேன்னா பழையபடி கோக்க தோவாளைக்குத்தான் பஸ் ஏறணும். அத முழுசா, பாய் விரிச்சாப்புல ஜெல்லுல படுக்கப் போடு.

எந்தப் பூவு எப்படி நடந்துக்கிடும்னு பூக்காரங்கிட்டக் கேளு. வாடாமல்லி, கோழிக்கொண்டை ரெண்டும் காஞ்சாலும் நெறம் விடாது, ஒனக்குப் பேரு வாங்கித் தரும். சிவப்பு ரோசா காயும்போது ஒரு படி கருக்கும், ரெசின் பட்டதும் இன்னொரு படி கருக்கும், கடைசியில கருப்பு ரோசான்னு விக்க வேண்டியதுதான். அதனால மாலை கட்டச் சொல்லும்போதே வெளிர் ரோஸ், ஆரஞ்சுன்னு பாத்து வாங்கச் சொல்லு. எல்லாத்துலயும் வில்லங்கம் பிடிச்சது நம்ம மல்லியும் பிச்சியும். வாழக்கா நறுக்கி வச்சா கருக்குதுல்லா, அதே வேலதான் அதுக்குள்ளயும் நடக்கும். பறிச்ச மறுநாளே ஓரத்துல பழுப்பு தட்டிரும். மதுர மல்லிக்கு 2013-ல புவிசார் குறியீடு குடுத்தாவ, மணத்துக்கும் மொட்டுக்கும் குடுத்தாவ, ரெசினுக்குள்ள வெள்ளையா நிக்கும்னு யாரும் குடுக்கல.

தொழில்ல சிலபேரு என்ன செய்தான் தெரியுமாட்டி? காஞ்ச மல்லி மேல வெள்ளச் சாயம் தெளிச்சு வைக்கான். இன்னும் சிலபேரு பொண்ணு கழுத்துல கெடந்த மாலைய வாங்கிக் குப்பையில போட்டுட்டு, கடையில வாங்குன துணிப்பூவ வச்சு ஊத்திக் குடுத்துருதான். பொண்ணு அதப் பாத்துக் கண்ணு கலங்குது. அவன் வாங்குத துட்டுக்கு எனக்குக் கண்ணு கலங்குது. சாயம் தெளிக்காதேன்னு நான் சொல்லல. தெளிச்சிருக்கேன்னு சொல்லிட்டுத் தெளி. துட்டு கொஞ்சம் கொறையும். வெசாரிச்சு வாரவன் எண்ணிக்கை கூடும். ஒனக்குக் கணக்கு வரும்லா, நீயே போட்டுப் பாரு.

பூவோட மல்லுக்கட்ட முடியலைன்னா அரசிலை எடு. தண்ணியில ஊறப்போட்டு, தசை அழுகிக் கழண்ட பெறவு பல்லு தேய்க்குத பிரசால மெதுவாத் தேச்சா நரம்பு மட்டும் வலையா நிக்கும். நாங்க சின்னப் பிள்ளையில புஸ்தகத்துல வச்ச சாமான். காஞ்சதும் அதுல ஈரம்னு பேருக்குக்கூட இருக்காது, ரெசினுக்கு அதவிட தோதான சரக்கு கெடையாது. மஞ்சாடி விதை இருக்கு, மரத்தடியில கொட்டிக் கெடக்கு, நெறம் மங்காது. குன்றிமணியும் அழகுதான், ஆனா அத ஓட்ட போடுத வேல வச்சுக்கிடாத. உள்ள இருக்கது கொடிய வெசம், தூளு மூக்குல ஏறுனா வம்பு. திருச்செந்தூர், ராமேஸ்வரம் பக்கம் போனா கடல்குதிரை, பவளத்துண்டுன்னு துணியில சுத்தி நீட்டுவான். வாங்காத. 1972 வனவிலங்குச் சட்டத்துல அதுக்கெல்லாம் பாதுகாப்பு இருக்கு. அதக் கண்ணாடிக்குள்ள வச்சு போட்டோவும் போட்டேன்னா, சாட்சி நீயே தயார் பண்ணிக் குடுத்த மாதிரி ஆயிரும்.

இனி கலக்குத கத. ஆச்சியோட தோசைக்கரண்டி காணாமப் போனப்ப வீடே தேடுச்சு. அது ஒன் ரெசின் கப்புக்குள்ள, கைப்பிடி மட்டும் வெளிய தெரிய, கல்லோட கல்லா நின்னுச்சு. அந்தக் கடுப்புதான் நான் முந்திச் சொன்னது. ஐஸ் குச்சி வாங்கி வச்சுக்கோ, மலிவு.

பாட்டில் மேல 2:1-னு போட்டிருக்கு. அது எடைக் கணக்கா, அளவுக் கணக்கான்னு பாத்தியா? பிசின் கனம் கூட, எறுக்குத மருந்து கனம் கொறச்சல். அளவுல ரெண்டுக்கு ஒண்ணுன்னா தராசுல அது ரெண்டுக்கு ஒண்ணா வராது. அளவுக் கணக்குப் பாட்டில வாங்கிட்டு தராசுல நிறுத்தேன்னா மருந்து கூடிப்போகும். கூடுனா சீக்கிரம் எறுகும்னு ஒனக்கு ஒரு நெனப்பு. ஒவ்வொரு பிசின் கண்ணிக்கும் கைகோக்க ஒரு மருந்துக் கண்ணி வேணும், அவ்வளவுதான். மிச்சம் இருக்கது ஜோடி கெடைக்காம உள்ளயே அலையும். அதனாலதான் நீ மொதல்ல செஞ்ச சாவிக்கொத்து இன்னமும் கையில ஒட்டுது. அத எனக்குப் பொறந்தநாள் பரிசாக் குடுத்த. சட்டப்பையில போட்டேன், பையோட சேந்து வருது.

அளவா ஊத்துததுக்கும் கணக்கு இருக்கு. 30 சென்டிமீட்டர் சதுரம், 2 சென்டிமீட்டர் கனம்னா 1800 மில்லி, எடையில கிட்டத்தட்ட 2 கிலோ. இத ஒரே கப்புல கலக்கி வச்சிட்டு, ரீல்ஸ் எடுக்க மாடிக்குப் போனே பாரு. கலக்குன நிமிசத்துல இருந்து அது தன்னால சூடாகும். பரப்பி ஊத்துனா சூடு வெளிய போயிரும், குமிச்சு வச்சா எங்க போகும்? உள்ள சூடு ஏற ஏற வேகம் கூடும், வேகம் கூடக் கூட சூடு ஏறும். நான் போகும்போது கப்போட இடுப்பு வளைஞ்சிருந்துச்சு. நடுவுல மஞ்சளாக் கெட்டிப்பட்டு, வெள்ளையா ஒரு பொகை, உள்ள இருந்து கடகடன்னு வெடிப்புச் சத்தம். எடுக்கிப் பிடிச்சுக் கொண்டுபோய் முத்தத்து மணல்ல வச்சேன். கோழி பக்கத்துல வந்து பாத்துட்டு, வேண்டாம்னு போயிருச்சு. அதுக்கு இருக்குத கூறு.

அதனால கொஞ்சங்கொஞ்சமாக் கலக்கு, ஒரு சென்டிமீட்டர் கனத்துக்கு மேல ஒரே தடவ ஊத்தாத. கனமா ஊத்துததுக்குன்னு மெதுவா எறுகுத ரெசின் தனியா இருக்கு, அது வேற பாட்டில். காஞ்ச பூ எடையத்தது, மொத்தமா ஊத்துனா மெதந்து மேல வந்து மல்லாந்துரும். மொதல்ல சன்னமா ஒரு அடுக்கு ஊத்தி, அது பிசுபிசுன்னு ஒட்டுத பதத்துக்கு வரும்போது பூவ உக்கார வச்சு, பெறவு அடுத்த அடுக்கு. இன்னொண்ணு, பாட்டில்ல 40 நிமிசம் கையாளலாம்னு எழுதியிருக்கது 25 டிகிரி ஊருக்கு. இங்க சித்திரையில வீட்டுக்குள்ளயே 35. பத்து டிகிரி ஏறுனா நேரம் ஏறக்கொறையப் பாதியாப் போகும். நீ போன்ல பேசி முடிக்கவே அந்தப் பாதி பத்தாது.

சூடு ஒரு பக்கம்னா, குற்றாலச் சாரல் இன்னொரு பக்கம். ஆனி, ஆடியில தென்காசிக் காத்துல துணியே காயாது. அந்த ஈரக்காத்துல ஊத்துனா மேல வெண்ணெ தடவுன மாதிரி ஒரு படலம் வரும், கையில பிசுக்கும். சுடுதண்ணியும் சோப்பும் போட்டுத் தொடச்சா போயிரும், ஆனா தொடைக்காம அடுத்த அடுக்க ஊத்துனா ரெண்டும் ஒட்டாம உரிஞ்சு வரும். நல்லவேளை ஆடியில யாரும் கல்யாணம் வைக்க மாட்டாவ, ஒனக்கு லீவு முன்னோர் போட்டு வச்சிட்டாவ. ஆவணி முகூர்த்த மாலைக்கு அந்தச் சின்ன ரூம்ப அடைச்சு, ஈரத்த உறிஞ்சுத மிசின் ஒண்ணு வாங்கிப் போடு.

குமிழப் பத்தி நீ அழுததுக்கு அளவே இல்ல. பிசின் பாட்டில வெதுவெதுப்பான தண்ணியில கொஞ்ச நேரம் நிறுத்து, எளகும். கலக்கும்போது தயிர் கடையாத, மெதுவா ஓரத்தையும் அடியையும் வழிச்சுக் கலக்கு. நூலா ஊத்து. பூ மேல மொதல்லயே பிரசால ரெசின் தடவி வச்சிட்டா இதழுக்குள்ள இருக்குத காத்து முன்னாலயே வெளிய வந்துரும். மேல வாரத ஹீட் கன்னால ஒரு ஓட்டம் ஓட்டு. ஒரே எடத்துல காட்டிக்கிட்டு நின்னா பூ கருகும், அச்சும் போகும்.

மூடி வைக்க ஒரு பெட்டி வேணும்னு அன்னைக்கே சொன்னேன், கேக்கல. விடிஞ்சு பாத்தா பொண்ணு மாப்பிள்ள பேருக்கு நடுவுல, கால விரிச்சுக்கிட்டு ஒரு கொசு. மாலைக்காரவ கேட்டா என்ன சொல்லுவே? நான் ஒரு யோசனை சொன்னேன், நீ மொறச்ச. பர்மாவுல கச்சின் பக்கத்து அம்பர்ல 9 கோடியே 90 லட்சம் வருசத்துக்கு முந்துன டைனோசர் வாலு, எறகோட கெடந்துச்சுன்னு 2016-ல சொன்னாவளே, அந்த அம்பர்லயும் கூடவே எறும்பு கெடந்துச்சு. யாரும் துட்டத் திருப்பிக் கேக்கல.

சிரிப்பு போதும், கைய நீட்டு. இந்த மணிக்கட்டுல செவப்பா என்ன? கொசுக்கடின்னு ஆச்சிகிட்டச் சொல்லு, எங்கிட்டச் சொல்லாத. ரெசின் மொதப் பாட்டில்ல ஒண்ணும் செய்யாது, ரெண்டாவதுலயும் செய்யாது. ஒடம்பு ஒரு நாள் இத எதிரின்னு முடிவு பண்ணிருச்சுன்னா, பெறவு ஒரு சொட்டு பட்டாலும் தடிக்கும், ஊரும், கண்ணு வீங்கும், அது ஆயுசுக்கும் மாறாது. தொழில விட்டவங்க இருக்காவ. நைட்ரைல் கிளவுஸ் போடு, அதையும் அழுக்கானதும் கழட்டி எறி. கையில பட்டா தின்னர் ஊத்திக் கழுவுதியே, அது ரெசினத் தோலுக்குள்ள தள்ளி விடுத வேல. சோப்பும் தண்ணியும் போதும். மொகத்துல மாட்டியிருக்கியே துணி மாஸ்க்கு, அதுல ஆவி நிக்காது. கரி போட்ட ஃபில்டர் வச்சு, பெயிண்ட் அடிக்கவங்க மாட்டுவாங்க பாரு, அது வாங்கு. முழுசா எறுகாத சாமான உப்புத்தாள் போட்டுத் தேய்க்காத. எறுகுன பெறவும் தண்ணி தொட்டுத் தேய், 220-ல ஆரம்பிச்சு 400, 800, 2000-னு போனா பளபளன்னு வரும். அடுப்படியில வச்சு இந்த வேல எதுவும் கூடாது. இத நான் கேலியாச் சொல்லல.

அப்புறம் அந்தத் தொப்புள்கொடி ஆர்டர். நம்ம வீட்ல காஞ்சு விழுந்த கொடிய வெள்ளித் தாயத்துல அடைச்சு அரைஞாண்ல கட்டிவிட்டாவ, பயலுக தொலைச்சும் போட்டானுவ, ஒண்ணும் குடிமுழுகிப் போகல. நீ அத இருதய வடிவத்துல ரெசின்ல பதிச்சு, பக்கத்துல பொடிப் பூ வச்சு, பேரு பொறிச்சுத் தாரே. தா. அதுவும் எலும்பாக் காஞ்சிருக்கான்னு ஒடிச்சுப் பாக்க முடியாது, அத மட்டும் ஞாபகம் வச்சுக்கோ. ஜெல்லுல ஒரு வாரம் கூடவே போட்டு வை. காப்பித் தம்ளர் வைக்குத தட்டு செஞ்சு விக்கியே, அதுல கொதிக்கக் கொதிக்கத் தம்ளர வச்சா வட்டம் விழுந்துரும். இந்த வகை ரெசின் 50, 60 டிகிரியிலயே எளகிக் குடுக்கும். ஒங்க மாமா வீட்டுக் காப்பிய நம்பி வித்தா பரவால்ல, அது எப்பவும் ஆறித்தான் வரும்.

இப்ப போர்டுக்கு வா. எபாக்ஸி மஞ்சளாகும். வெயில் படுத செவுத்துல மாட்டுனா சீக்கிரமாகும், நெழல்ல வச்சா மெதுவாகும், வெயில் தாங்குத மருந்து கலந்ததுன்னு பாட்டில்ல எழுதியிருந்தா இன்னும் கொஞ்சம் மெதுவாகும். ஆகவே ஆகாதுன்னு ஒண்ணு இல்ல. பூவோட நெறமும் உள்ள கொஞ்சங்கொஞ்சமா வெளுக்கும். அதனால ‘காலத்துக்கும்’ங்கிறத அடிச்சிட்டு, பில்லு பின்னால எழுது: ஜன்னலுக்கு எதிர மாட்டாதீங்க, சூடா எதையும் மேல வைக்காதீங்க, வருசம் போகப் போக லேசா மஞ்சளாகும், வெள்ளப் பூ பழுப்பாகும். படிச்சிட்டு நாலு பேரு திரும்பிப் போவான். போகட்டும். அந்த நாலு பேருதான் அடுத்த வருசம் வந்து வாசல்ல சத்தம் போடுத ஆளு.

கடைசியா ஒண்ணு, இதத்தான் மொதல்ல சொல்லியிருக்கணும். பாதித் துட்ட முன்பணமா வாங்காம மாலைய வீட்டுக்குள்ள எடுக்காத. நீ காயவச்சு, ஊத்தி, தேச்சு, பேரெழுதி முடிக்க ஒண்ணரை மாசம் ஆகும். அதுக்குள்ள பொண்ணும் மாப்பிள்ளையும் மொதச் சண்டைய முடிச்சு, ரெண்டாஞ் சண்டைக்கு வந்திருப்பாவ. அவ அம்ம வீட்டுக்குப் போயிட்டான்னா மாலைய யாரு வாங்க வருவா? ரெசின் ஒருக்க எறுகிட்டா உருக்க முடியாது. எடைக்குப் போடலாம்னா பழைய இரும்புக்காரன் தொடமாட்டான். தூக்கி என் கட்டிலுக்கு அடியில தள்ளலாம்னு மட்டும் பாக்காத, அங்கன ஏற்கெனவே ஒன் ஆச்சியோட ரெண்டு அண்டாவும், ஒங்க அப்பன் வாங்கிப் போட்ட ஓடாத மிக்சியும் கெடக்கு.